பிட்டர், டர்னர், சங்கம்: கதவு யாருக்குத் திறந்தது?

சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ ஒரு பையன் ஐடிஐ முடித்துவிட்டு பிட்டராக வேலைக்குச் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மாதச் சம்பளம் கைக்கு வருவதற்குள் யாராவது ஒரு அண்ணன் டீக்கடையில் நிறுத்தி, "தம்பி, சங்கத்துல சேர்ந்துட்டியா?" என்பார். வீட்டுக்குப் போனால் அப்பா, "அந்த வம்பே வேணாம், வந்த வேலைய மட்டும் பாரு" என்பார். சங்கம் என்றால் என்ன, அதில் யார் சேரலாம், சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்கானது.

இதை விளக்க இங்கிலாந்தில் பொறியியல் தொழிலாளர்கள் கட்டிய ஒரு சங்கத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். பொறியியல் தொழிலாளர் என்றதும் பி.இ. பட்டதாரி ஞாபகத்துக்கு வர வேண்டாம். லேத் ஓட்டுகிறவர், பிட்டர், இரும்பு அடிக்கிறவர், ஆலை இயந்திரத்தை நிறுத்திக் கொடுக்கிறவர் என்று பட்டறை ஆட்கள்தான் எல்லாரும். நம்ம ஊர்ப் பையனுக்குச் சொல்ல ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றால், 150 வருஷத்துக்கு மேல் பெயர் மாறி மாறி ஓடிவரும் அந்த ஒரே அமைப்பில் சங்கங்களுக்கு வரக்கூடிய சிக்கல் ஏறத்தாழ எல்லாமே வந்துபோயிருக்கிறது. அதில் பெரிய சிக்கல், யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்பது. அதன் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விக்கு அந்தந்தக் காலத்தில் சொன்ன பதில்கள்தான் என்பது என் கருத்து.

முதலில் அடிப்படை. ஒரு பிட்டர் தனியாகப் போய்ச் சம்பள உயர்வு கேட்டால், "பிடிக்கலைன்னா கிளம்பு, கேட்டுக்கு வெளியே பத்து பேர் நிக்கிறாங்க" என்று முதலாளி சொல்லிவிடலாம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். நூறு பேர் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது, மறுநாள் இயந்திரம் ஓடாது. சங்கத்தின் பலம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது, மற்றதெல்லாம் இதற்கு மேல் கட்டியது. சரி, அந்த நூறு பேர் யார்? லேத் ஓட்டுகிற இருபது பேர் மட்டுமா, கூட்டிப் பெருக்குகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்தா? ஒரே கைத்தொழில் தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்து வைப்பது ஒரு வகைச் சங்கம். ஓர் ஆலையில் வேலை செய்யும் அத்தனை பேரையும் சேர்ப்பது இன்னொரு வகை. இங்கிலாந்துச் சங்கம் முதல் வகையில் தொடங்கி, அடி வாங்கி வாங்கி இரண்டாவது வகைப் பக்கம் நகர்ந்தது.

வாரம் ஒரு ஷில்லிங்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் தொழிலாளர்கள் கூடிச் சம்பளம் பேசுவதே குற்றம். 1799, 1800 ஆண்டுச் சட்டங்கள் அப்படித்தான் சொல்லின. 1824இல் அந்தத் தடை நீங்கியது. இரண்டே வருஷத்தில், 1826இல், மான்செஸ்டரில் நீராவி இயந்திரம் செய்பவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதையும் இன்னும் சில சிறு சங்கங்களையும் ஒன்றாக்கி 1851இல் உருவானதுதான் ஒன்றிணைந்த பொறியாளர் சங்கம். இணைத்து வைத்தவர்களில் முக்கியமானவர்கள் வில்லியம் நியூட்டன், வில்லியம் ஆலன் என்ற இரண்டு பட்டறைக்காரர்கள். ஆலன் அதன் பொதுச் செயலாளராகி, சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

சந்தா வாரத்துக்கு ஒரு ஷில்லிங். அன்றைக்கு நல்ல வேலை தெரிந்த பிட்டருக்கே வாரச் சம்பளம் 30 ஷில்லிங் அளவுதான் என்பதை வைத்துப் பார்த்தால் இது கனமான தொகை. மாதம் 20,000 ரூபாய் வாங்குகிறவர் 600, 700 ரூபாய் சந்தா கட்டுவதற்குச் சமம். இன்று நம் ஊரில் யாரிடமாவது அப்படிக் கேட்டுப் பாருங்கள்! ஆனால் அவர்கள் கட்டினார்கள். காரணம், அந்தப் பணம் கொடி பிடிக்க மட்டும் போகவில்லை. வேலை போனால் வாரப்படி, உடம்பு சரியில்லாவிட்டால் படி, விபத்தில் கை போனால் ஒரு தொகை, வயதானால் சிறு ஓய்வூதியம், செத்தால் அடக்கச் செலவு என எல்லாம் சங்கத்திலிருந்தே வந்தது. இஎஸ்ஐயும் பிஎஃப்பும் இல்லாத காலத்தில் சங்கமே இரண்டுமாக இருந்தது.

உறுப்பினர் சான்றிதழ் என்று ஒரு பெரிய படம் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அதை வரைந்த ஜேம்ஸ் ஷார்ப்பிள்ஸ் ஒரு கொல்லர். ஓவியம் தானாகக் கற்றுக்கொண்டவர். கட்டாக இருக்கும் குச்சியை ஒடிக்க முடியாத பழைய கதை அதில் உண்டு. நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் முகமும் உண்டு. எனக்குப் பிடித்தது ஓரத்தில் இருக்கும் ஒரு காட்சி. போர்க் கடவுள் உடைந்த வாளை நீட்டி ஒட்டித் தரச் சொல்கிறார், கொல்லர் முடியாது என்கிறார். பின்னால் வந்த இரண்டு உலகப் போர்களில் அதே சங்கத்து ஆட்கள் லட்சக்கணக்கில் குண்டு கடைந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு சலுகை உள்ள சங்கத்தில் யார் வேண்டுமானாலும் சேர முடியாது. முறைப்படி அப்ரண்டீஸாகப் பல வருஷம் கழித்திருக்க வேண்டும், அந்த ஊரில் தொழிலுக்கு உள்ள சம்பளத்தை வாங்குகிறவராக இருக்க வேண்டும். ஹெல்பர் வர முடியாது, கூலி ஆள் வர முடியாது, பெண் வரவே முடியாது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. லேத் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவாக இருக்கும்வரை சம்பளம் இறங்காது. ஆகவே சங்கம் முதலாளியோடு பேசியதைப் போலவே தன் தொழிலின் வாசலையும் காவல் காத்தது. கேட்டால் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். அன்றைய நிலையில் அவர்களுக்குக் கிடைத்த ஆயுதம் அதுதான்.

கதவடைப்பு

வேலைநிறுத்தம் என்றால் தொழிலாளி வேலையை நிறுத்துவது. கதவடைப்பு என்றால் முதலாளி ஆலையைப் பூட்டிவிட்டு, "என் நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால் உள்ளே வா" என்பது. செய்தித்தாளில் இரண்டும் பக்கத்து பக்கத்தில் வருவதால் நிறைய பேர் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

புதுச் சங்கம் ஒரு வயது நிறைவதற்குள் ஓவர்டைமும் பீஸ்ரேட்டும் (செய்த எண்ணிக்கைக்குக் கூலி) வேண்டாம் என்று சொன்னது. 1852 ஜனவரியில் லண்டனிலும் லங்காஷயரிலும் முதலாளிகள் பட்டறைகளைப் பூட்டினார்கள். திரும்ப வேலைக்கு வர வேண்டுமானால் "நான் எந்தச் சங்கத்திலும் இல்லை, இனி இருக்கவும் மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வசந்தம் வரை தாக்குப்பிடித்தார்கள், அப்புறம் பணம் தீர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் சந்தாவை மட்டும் நிறுத்தவில்லை. மிரட்டி வாங்கிய கையெழுத்து தங்களைக் கட்டாது என்று முடிவு செய்துகொண்டார்கள். தோற்ற சங்கம் சில வருஷத்தில் முன்பைவிடப் பெரிதானது. 1860களின் நடுவில் உறுப்பினர்கள் 30,000க்கு மேல்.

1871இல் நியூகாஸில் பக்கம் நடந்தது இன்னும் சுவாரசியம். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கான பொறியியல் தொழிலாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆள் இறக்கினார்கள். வந்தவர்களில் பலரிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒன்பது மணி நேரம் கிடைத்தது. ஆனால் போராட்டத்தை நடத்தியது பெரிய சங்கம் இல்லை. ஜான் பர்னெட் என்பவர் தலைமையில் இதற்கென்றே கூடிய ஒரு குழு. அதில் சங்கத்து உறுப்பினர் சிறுபான்மை, சந்தா கட்டாதவர்களே அதிகம். வாசலில் காவல் போட்டிருந்த பெரிய சங்கம் முதலில் தயங்கித் தயங்கித்தான் பண உதவிக்கு வந்தது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதை அந்த ஐந்து மாதம் காட்டியது. சங்கம் அதைப் புரிந்துகொள்ள இன்னும் ஐம்பது வருஷம் ஆனது!

அடுத்த கோரிக்கை எட்டு மணி நேரம். 1897 ஜூலையில் லண்டனில் கிளம்பியது, முதலாளிகளின் கூட்டமைப்பு நாடு முழுக்கக் கதவடைப்பால் பதில் சொன்னது. 1898 ஜனவரி வரை இழுத்து, சங்கம் தோற்றது. எட்டு மணி நேரம் போனதோடு நிற்கவில்லை. எந்த இயந்திரத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்துவோம் என்ற உரிமையை முதலாளிகள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் டரட் லேத், மில்லிங் மெஷின் போன்றவை பட்டறைக்குள் வந்துகொண்டிருந்தன. செட்டிங் ஒரு தடவை போட்டுக் கொடுத்துவிட்டால் ஆறு மாதப் பழக்கம் உள்ளவர்கூட அதில் வேலை எடுத்துவிடலாம். ஏழு வருஷ அப்ரண்டீஸ் என்ற பூட்டுக்கு இயந்திரமே சாவி போட்டுவிட்டது.

கடலூரில் ஒரு சட்டம், புதுச்சேரியில் ஒரு சட்டம்

எட்டு மணி நேரம் என்றதும் நம் பக்கம் வராமல் போக முடியாது.

இந்தியாவில் முறையாக நடந்த முதல் சங்கங்களில் ஒன்று 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. போன்றவர்கள் துணை நிற்க, பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம். ஆலை நிர்வாகம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேலையை நிறுத்தத் தூண்டி ஒப்பந்தத்தை முறிக்க வைத்தார் என்பது புகார். நீதிமன்றம் தடை போட்டது. தலைவர் ஆனதற்காகவே ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியும் என்றால் எவர் சங்கம் நடத்துவார்? அந்த அதிர்ச்சியின் பின்விளைவுதான் 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம். ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம், சங்க வேலைக்காக அவர்கள் மேல் சதி வழக்குப் போட முடியாது என்று அது பாதுகாப்புக் கொடுத்தது.

ஆனால் அந்தச் சட்டம் கடலூரோடு நின்றுவிட்டது. கடலூர் பிரிட்டிஷ் மண், அங்கிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி பிரெஞ்சு மண். பிரான்சில் 1884லேயே சங்கம் சட்டபூர்வம். அந்த உரிமையைத் தன் காலனிக்கு அனுப்ப பாரிஸ் ஐம்பது வருஷம் மறந்துபோயிற்று. அதனால் 1930களில் கடலூரில் ஏழு பேர் சேர்ந்து செய்யக்கூடிய காரியத்தை, பெண்ணையாற்றுக்கு வடக்கே ரோடியர், சவானா, கெப்ளே என்ற மூன்று பெரிய பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் செய்ய முடியவில்லை.

கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா அந்தத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1936இல் போராட்டம் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் கட்டத்துக்குப் போனது. ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த நேரத்தில் பாரிஸில் சோஷலிஸ்டான லியோன் புளூம் ஆட்சிக்கு வந்திருந்தார், பிரான்சிலேயே வேலைநிறுத்த அலை ஓடிக்கொண்டிருந்தது. சுப்பையா பாரிஸ் வரை போய்ப் பேசினார். 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் ஆணையாக வந்தன. "ஆசியாவிலேயே முதல்" என்று மேடையில் அடித்துச் சொல்வார்கள். முதலோ இரண்டாவதோ, 12 உயிர் கொடுத்து வாங்கியது. புதுச்சேரியில் ஜூலை 30 இன்றும் தியாகிகள் தினம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுச்சேரியில் சங்கம் ஆரம்பத்திலிருந்தே இரண்டாவது வகை. தறி ஓட்டுபவர், நூற்பவர், பஞ்சு சுமப்பவர் என்று ஆலைக்குள் போகிற எல்லாருக்கும் ஒரே கொடி. ஆலையின் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பிட்டருக்கும் டர்னருக்கும் தனிச் சங்கம் என்ற யோசனை நம் பக்கம் பெரிதாக வேர் பிடிக்கவே இல்லை. இந்தியாவில் பொதுவாக ஆலை வாரியாகத்தான் சங்கம். நமக்குள் பிரிவு வேறு வழியில் வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதவு திறந்த கதை

இங்கிலாந்தில் கதவைத் திறக்க வைத்தது போர். 1914க்குப் பிறகு ஆண்கள் ராணுவத்துக்குப் போக, குண்டும் பீரங்கியும் செய்யப் பெண்களையும் பழக்கமில்லாதவர்களையும் லேத்தில் நிறுத்தினார்கள். சங்கத் தலைவர்கள் போர்க்காலம் முடியும்வரை அரசாங்கத்துக்கு ஒத்துழைப்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். கீழே பட்டறையில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கிளாஸ்கோ பக்கம் கிளைட் ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளில் பட்டறைப் பிரதிநிதிகள் என்று ஒரு புது ஆள் வகை முளைத்தது. இவர் சங்க அலுவலகத்தில் உட்காருகிறவர் இல்லை. பக்கத்து மெஷினில் வேலை செய்கிறவர், அந்த ஷாப்பில் உள்ளவர்களே தேர்ந்தெடுத்தவர். தலைமையைக் கேட்காமல் போராட்டம் நடத்தும் அளவுக்கு அவர்கள் வளர்ந்தார்கள். இன்று நம் ஆலைகளில் டிபார்ட்மென்டுக்கு ஒருவர் என்று சந்தா வாங்கவும் பிரச்சினை கேட்கவும் இருப்பவரும் அதே மாதிரி ஆள்தான்.

1919 ஜனவரியில் வாரம் 47 மணி நேரம் என்பது வந்தது. 1920இல் பத்து சங்கங்கள் சேர்ந்து ஒன்றிணைந்த பொறியியல் தொழிலாளர் சங்கமாகின, சுமார் நாலரை லட்சம் பேர். முதல் பொதுச் செயலாளர் டாம் மேன், துறைமுகக் கூலிகளைத் திரட்டிப் பெயர் வாங்கியவர். இரண்டே வருஷத்தில் மறுபடி ஒரு கதவடைப்பு. ஓவர்டைம் எப்போது என்று தீர்மானிப்பது யார் என்ற சண்டையில் மறுபடி தோல்வி. 1926இல் ஸ்கில்டு, செமி ஸ்கில்டு பேதமில்லாமல் ஆண்கள் அனைவரையும் சேர்க்கத் தொடங்கினார்கள். பெண்களுக்கு? அதற்கு இன்னொரு உலகப் போர் வேண்டியிருந்தது. 1943 ஜனவரி 1 அன்றுதான் பெண்களைச் சேர்த்தார்கள், கொஞ்ச காலத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேல் வந்துவிட்டார்கள். 92 வருஷம் பூட்டிக் கிடந்த கதவுக்கு வெளியே அத்தனை பேர் நின்றிருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். வார்ப்படத் தொழிலாளர், வரைபடக்காரர், 1992இல் எலக்ட்ரீஷியன்கள் என்று இணைப்புக்கு மேல் இணைப்பு. பெரிய தொழிற்சாலைகள் மூடிக்கொண்டே போனதும் அதற்கு ஒரு காரணம். 2007இல் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தோடு கலந்து இப்போது யுனைட் என்ற பெயரில் இருக்கிறது. பிட்டருக்கும் பஸ் டிரைவருக்கும் ஒரே உறுப்பினர் அட்டை. 1851இல் அதைத் தொடங்கியவர்கள் பார்த்தால் மூச்சடைத்துப் போவார்கள்.

நம் பக்கத்துக் கதவு

நம் ஊரில் ஒரே ஆலையில் நான்கைந்து கொடிக்கம்பம் பார்க்கலாம்: ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி, தொமுச, அண்ணா தொழிற்சங்கம், பிஎம்எஸ், பாமக பக்கத்துச் சங்கம். தொழிலால் பிரியாமல் கட்சியால் பிரிந்திருக்கிறோம். இதனால் நிர்வாகம் ஒரு சங்கத்தோடு பேசி முடித்ததை இன்னொரு சங்கம் கேட் மீட்டிங்கில் கிழிப்பது சகஜம். "12(3) போட்டாச்சா, 18(1) தானா" என்று பெரியவர்கள் விசாரிப்பதற்குக் காரணமும் இதுதான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளர் அதிகாரி முன்னால் சமரசத்தில் போட்ட 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டியது. இரண்டு தரப்பும் தனியாகப் போட்ட 18(1) கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டியது.

கட்சிப் பிரிவுகூட அவ்வப்போது கரையும். நெய்வேலி என்எல்சியின் 5 சதவீதப் பங்கை விற்க 2013இல் மத்திய அரசு முடிவெடுத்தபோது எல்லாக் கொடியும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. கடைசியில் தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டன.

கரையாத பிரிவு ஒன்று உண்டு: நிரந்தரமா, கான்ட்ராக்டா என்பது. ஒரே பாய்லர் பக்கத்தில் ஒரே ஸ்பேனரைப் பிடித்து நிற்கும் இரண்டு பிட்டர்களில் ஒருவர் வாங்குவதில் பாதிகூட இன்னொருவர் வாங்காமல் இருக்கலாம். நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்து, பணி நிரந்தரம் கேட்டுப் பல தடவை வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். 1851இல் அப்ரண்டீஸ் முடித்தவரா என்று பார்த்த இடத்தில் இன்று யாருடைய மஸ்டர் ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பெயர் இருக்கிறது என்று பார்க்கிறோம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 1926, 1947 சட்டங்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆலையின் மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால் பேச்சுவார்த்தை உரிமை அந்தச் சங்கத்துக்கு மட்டும். எதற்கும் 51 இல்லையென்றால், 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். பாதிப் பேர் ஒரே நாளில் கூட்டமாக லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தக் கணக்கில் வரும், நோட்டீஸ் கொடுக்காமல் செய்ய முடியாது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் கான்ட்ராக்டரின் மஸ்டரில் இருப்பதால், எந்தச் சங்கம் பேசும் என்று எண்ணும்போது பொதுவாக அவர் கணக்கில் வருவதில்லை.

ஆகவே டீக்கடையில் கேட்ட அண்ணனிடம் அந்தப் பையன் திருப்பிக் கேட்க வேண்டியது இரண்டு. சந்தாவுக்குப் பதிவு எண் போட்ட ரசீது கொடுப்பீர்களா? என் பெயர் கம்பெனி மஸ்டரில் இருக்கிறதா, கான்ட்ராக்டர் மஸ்டரிலா? கான்ட்ராக்டர் மஸ்டர் என்றால் மூன்றாவதாக ஒன்றும் கேட்கலாம்: எங்களையும் சேர்த்துக்கொள்ள உங்கள் சங்க விதியில் இடம் இருக்கிறதா?